ஒரே நாளில் எல்லை மாறும், கல்லறைப் பாதை மாறாதா?

(குற்றாலத்தில் நடந்த சாதி ஒழிப்பு இளைஞர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலேயே பாதிப் பேர் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு அதிக நேரம் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கொடுத்த தலைப்பு 'கிறித்தவமும் சாதியும்'. அது பெரிய கடல். நான் ஒரு சின்ன இடத்தில் மட்டும் இறங்குகிறேன். திருச்சபை தன் எல்லைகளை எப்படி மாற்றிக்கொள்கிறது, எந்த எல்லையை மட்டும் தொட மறுக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊர் இங்கிருந்து தூரமில்லை, தென்காசிக்குப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் 'அந்த ஊர்ப் பிரச்சினை' என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் சொல்வது ஓர் ஊர்ப் பிரச்சினை இல்லை.

என் ஆச்சி 1934இல் பிறந்தவள். அவள் ஞானஸ்நானம் பெற்றபோது எங்கள் பகுதி திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம். 1938இல் மதுரை தனி மறைமாவட்டம் ஆனது, 1953இல் உயர்மறைமாவட்டம் ஆனது. என் அம்மா பிறந்தது 1958இல். அவளுடைய சான்றிதழில் மதுரை. 1973இல் மதுரையிலிருந்து பிரித்து பாளையங்கோட்டை மறைமாவட்டத்தை உருவாக்கினார்கள். நான் 1984. என்னுடைய சான்றிதழில் பாளையங்கோட்டை. மூன்று தலைமுறைக்கு மூன்று மறைமாவட்டம். ஆனால் நாங்கள் குடியிருந்தது அதே தெரு, அதே வீடு.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஆச்சியின் தங்கையைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சின்ன ஆச்சி ராத்திரி ஒரு மாநிலத்தில் படுத்து, காலையில் இன்னொரு மாநிலத்தில் எழுந்தாள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. நாங்களும் வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

ஆக, எல்லைகள் மாறும். ஒரு கையெழுத்தில் மாறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆச்சி இறந்தாள். நல்ல சாரல் காலம். எங்கள் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்று மெயின் தெரு, சிமெண்ட் ரோடு, கோயில் வாசல் வழியாக நேராகப் போகும். இன்னொன்று வாய்க்கால் கரை, சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பெட்டிகள் வாய்க்கால் கரை வழியாகத்தான் போகும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கரை முழுக்கச் சகதி. தூக்கியவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஓர் இடத்தில் என் சித்தப்பாவுக்குக் கால் வழுக்கி பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. என் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சாமியார் சிலுவையோடு சிமெண்ட் ரோட்டில் வந்து எங்களுக்கு முன்னாலேயே கல்லறையில் நின்றுகொண்டிருந்தார். ஆச்சி சகதியில் வந்தாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஜெபம் முடிந்ததும் என் தோளில் கைவைத்து, "வருத்தமாத்தான் இருக்கு. மறைமாவட்டத்துல பேசிக்கிட்டுதான் இருக்கோம். இதெல்லாம் ஒரே நாள்ல மாறாதுப்பா" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இன்றைக்கு நான் பதில் சொல்லப் போகிறேன். ஒரே நாளில் மாறாதா? திருச்சபை ஒரே நாளில் மாற்றிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

1606இல், போர்த்துகல் அரசரின் ஆதரவுரிமையில், மயிலாப்பூர் மறைமாவட்டத்தைப் பாப்பரசர் ஏற்படுத்தினார். 'பதுரவாதோ' என்பார்கள். கோயில் கட்டுவது, குருக்களை அனுப்புவது அரசர் பொறுப்பு. அதற்குப் பதிலாக, யார் ஆயர் என்று சொல்லும் உரிமையும் அவருடையது. பிறகு ரோம் தன் சொந்தப் பொறுப்பில் வேறு மறைப்பணியாளர்களை அனுப்பியது. 1642இல் கப்புச்சின் சபையினர் சென்னைக்கு வந்தார்கள். அந்த வழி வளர்ந்து, 1886இல் சென்னை உயர்மறைமாவட்டம் ஆனது.

விளைவு என்ன? ஒரே ஊரில் இரண்டு ஆட்சி. சாந்தோம் ஓர் ஆயருக்கு, ஆர்மேனியன் தெரு இன்னொருவருக்கு. வேடிக்கையைக் கேளுங்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேளாங்கண்ணியும் மயிலாப்பூர் ஆயருக்குக் கீழே. இரண்டு தரப்புக்கும் இடையே சச்சரவு, கோயிலைக் கைப்பற்றுவது, வழக்கு, வாய்க்கால் வரப்புத் தகராறு எல்லாம் உண்டு. ரோமும் லிஸ்பனும் நூற்றாண்டுக் கணக்கில் பேசியும் முடியாத விவகாரம் அது.

1947இல் இந்தியா விடுதலை அடைந்தது. ஒரு சுதந்திர நாட்டில் அந்நிய அரசு ஆயரைத் தேர்ந்தெடுப்பது இனி எடுபடாது என்று எல்லோருக்கும் புரிந்தது. 1950 ஜூலை 18இல் வத்திக்கானும் போர்த்துகலும் ஒப்பந்தம் போட்டன. மயிலாப்பூர் உட்பட இங்குள்ள பல ஆயர் பீடங்களின் மீதான உரிமையைப் போர்த்துகல் விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13ஆம் தேதி மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் ஒன்றாகி, சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் பிறந்தது. பேராயர் லூயி மத்தியாஸ். சாந்தோம் பேராலயம் ஆனது. அதே நாளில் தஞ்சாவூர், வேலூர் என்று இரண்டு புதிய மறைமாவட்டங்கள். வேளாங்கண்ணி தஞ்சாவூருக்குப் போனது.

தோழர்களே, 346 வருட எல்லை. ஓர் அரசும் ஒரு திருச்சபையும் சண்டை போட்டுக் காத்த எல்லை. 1952இல் ஒரு நாளில் போனது. யாரும் 'மக்கள் மனம் பக்குவப்பட வேண்டும்' என்று காத்திருக்கவில்லை. 'பாரம்பரியம்' என்று யாரும் தடுத்து நிறுத்த முடியவில்லை. காரணம் எளிது. அதிகாரம் இருந்தது, தேவை இருந்தது, செய்தார்கள்.

இந்த இரட்டை ஆட்சிக்குள் சாதி எப்படி விளையாடியது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பங்கில் ஆதிக்க சாதிக்காரர்களுக்குக் கோயில் மரியாதையில் குறை வந்தால், உடனே ஒரு மிரட்டல் வரும். 'நாங்கள் கோவாச் சாமியார் பக்கம் போய்விடுவோம்.' அந்தப் பக்கத்தில் குறை வந்தால் இந்தப் பக்கம். இரண்டு ஆயர்கள் இருந்ததால் பேரம் பேச வசதி. பேரத்தில் ஜெயித்தது பெரும்பாலும் நிலமும் காசும் உள்ளவர்கள். 1952க்குப் பிறகு அந்தக் கதவு மூடியது. அப்படியென்றால் அதற்குப் பிறகாவது ஆயர்கள் துணிந்து சாதியைத் தொட்டிருக்கலாமே? மிரட்டல் வேறு உருவத்தில் வந்தது. இப்போது 'மதத்தை விட்டே போய்விடுவோம்' என்கிறார்கள். ஆயர் இல்லங்கள் இப்போதும் பயப்படுகின்றன.

மயிலாப்பூர் மறைமாவட்டம் தோன்றிய அதே 1606ஆம் ஆண்டில்தான் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். பிராமணச் சந்நியாசி போல் வாழ்ந்து மேல்சாதியினருக்கு வேதம் சொன்னார். பின்னால் 'பண்டார சாமிகள்' என்று மற்றச் சாதியினருக்குத் தனிக் குருக்கள் வந்தார்கள். 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட், பறையர்களுக்கென்று தனி மறைப்பணியாளர்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். கவனியுங்கள். மறைமாவட்ட எல்லை மட்டும் ரோமில் போடப்பட்டது, சாதி எல்லை ஊரில் தானாக இருந்தது என்பது சரியில்லை. சாதி எல்லைக்கும் மேலேயிருந்து ஒப்புதல் வந்திருக்கிறது. மேலேயிருந்து கொடுத்த ஒப்புதலை மேலேயிருந்தே திரும்பப் பெறலாம்.

"முடியாது" என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தில், வள்ளியூர் தாண்டி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஒரு கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், இரண்டு நடுக்கூடம். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஆனால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைப் பார்க்க முடியாது. கால்சட்டை மாதிரி இருக்கிறதென்று கேலிப் பெயரே உண்டு. வேளாளர்களுக்கு ஒரு கால், நாடார் முதலான மற்றவர்களுக்கு இன்னொரு கால். நடுவில் சுவர்.

1910இல் சேசு சபைப் பாதிரியார்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. கிறித்தவக் கோயிலுக்குள் சாதியைக் காட்டித் தனி இடம் கேட்க உரிமை கிடையாது என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், சாதிச் சங்கங்கள் ஓங்கியிருந்த காலத்தில், இடித்தார்கள், நின்றார்கள், ஜெயித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு ஏன் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருந்த சாதிச் சுவருக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது? பிறகு ஏன் என் ஆச்சி சகதியில் போனாள்?

இப்போது எறையூருக்கு வருகிறேன். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். எங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று. 2008 மார்ச்சில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்களும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான். சாதி யாருடைய உயிரையெல்லாம் தின்னும் என்பதற்கு அதுவும் கணக்கு.

இதில் நாம் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'நீங்கள் சமத்துவம் கேட்கிறீர்கள், அப்புறம் ஏன் தனிப் பங்கு கேட்கிறீர்கள், அது பிரிவினை இல்லையா?' என்று நல்லவர்கள் கேட்டார்கள். எங்கள் ஊரிலும் கேட்பார்கள். பதில் இதுதான். ஒன்றாக இருக்கும் கோயிலில் திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வராது. தலைக்கட்டு வரியை எங்களிடம் வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாவில் பங்கு, கமிட்டியில் பேச்சு. வாங்க மறுப்பது என்றால், நீ இந்தக் கோயிலுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று அர்த்தம். அப்படி ஒரு வீட்டில் இருக்கிறவன் தனிக் குடித்தனம் கேட்டால் அது பிரிவினையா?

அதனால் சேர்ப்பதுதான் சமத்துவம், பிரிப்பது பிற்போக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 1952இல் இரண்டைச் சேர்த்தார்கள். 1973இல் ஒன்றைப் பிரித்தார்கள். இரண்டிலும் எங்கள் தெருவுக்கு எதுவும் நடக்கவில்லை. யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. திருச்சபைச் சட்டப்படி ஒரு பங்கை உருவாக்கவும், ஒழிக்கவும், மாற்றவும் ஆயர் ஒருவருக்குத்தான் அதிகாரம். மறைமாவட்டம் என்றால் அது ரோமின் அதிகாரம். இவ்வளவு தெளிவாக அதிகாரம் குவிந்திருக்கும் அமைப்பு வேறு எது? அந்த அதிகாரம் நிலத்தை விற்கும்போது வேலை செய்கிறது, ஆசிரியரை மாற்றும்போது வேலை செய்கிறது. கல்லறைப் பாதை என்று வந்தால் மட்டும் 'மக்கள் ஒத்துழைக்க வேண்டும்' என்று ஜனநாயகம் பேசுகிறது.

கணக்கைப் பாருங்கள். இந்தியக் கத்தோலிக்கர்கள் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். இது நான் சொல்வதில்லை. 2016இல் இந்திய ஆயர் பேரவையே தன் தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 1990இலேயே தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். காகிதத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் சேர்த்து லத்தீன் வழிபாட்டு முறையில் மூன்று உயர்மறைமாவட்டங்கள், பதினைந்து மறைமாவட்டங்கள். அந்தப் பதினெட்டு நாற்காலிகளில் எத்தனையில் தலித் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு நியமனத்தின்போதும் மக்கள் கேட்கிறார்கள், கறுப்புக் கொடி பிடிக்கிறார்கள். இந்தியாவின் முதல் தலித் கர்தினால், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, 2022இல்தான் வந்தார். மயிலாப்பூர் மறைமாவட்டம் தொடங்கி 416 வருடம் கழித்து.

இங்கே இருக்கும் பலர் கிறித்தவர்கள் இல்லை. 'இது உங்கள் உள்வீட்டுச் சண்டை, எங்களுக்கு என்ன?' என்று தோன்றலாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்று வரை கதவு மூடியிருக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நிலைமை மாறவில்லை. என் தெருவில் என் பெரியப்பா மகன் இந்து, அவனுக்கு எஸ்.சி. சான்றிதழ். எனக்கு பி.சி. எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் ஒரே வசவால் திட்டினால், அவன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், நான் கொடுக்க முடியாது. அரசாங்கம் சொல்கிறது, நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை. கோயில் சொல்கிறது, நீ வாய்க்கால் கரை வழியாகப் போ. இரண்டு பேரும் சேர்ந்து எங்களை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதே மாவட்டத்தில், 1981இல், மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லி வரை அதிர்ந்தது. எந்த மதத்துக்குள் போனார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். எதை விட்டு வெளியேறினார்கள் என்று பேசியவர்கள் குறைவு. கிறித்தவத்தில் சாதி இருப்பதைச் சொன்னால் கைதட்டக் காத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. 'பார்த்தாயா, அங்கேயும் சாதிதான், திரும்பி வா' என்று கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் அதே கூட்டம்தான். அவர்கள் கையில் ஆயுதமாகக் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் மாட்டேன். சிறுபான்மையினர் மீதான தாக்குதலை எதிர்க்கும்போது எங்களோடு ஆயர்கள் நிற்க வேண்டும். கல்லறைச் சுவரை இடிக்கும்போதும் நிற்க வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட முடியாது.

என்ன கேட்கிறோம்? நான்கே விஷயம். ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் எல்லைக்குள் எத்தனை இரட்டைக் கல்லறை, இரட்டைப் பாதை, தேர் போகாத தெரு இருக்கிறது என்று பட்டியல் எடுத்து வெளியிட வேண்டும். வரி எல்லோரிடமும் வாங்க வேண்டும், கமிட்டியில் எல்லோரும் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை வேலைகளில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆண்டுதோறும் வர வேண்டும். பாகுபாட்டை விடாத பங்கில் திருவிழாவை ஆயர் நிறுத்த வேண்டும். ரோமின் அனுமதி தேவைப்படாத வேலைகள் இவை. 1952ஐப் போல ஒரு கையெழுத்து போதும்.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்து. முதல் கையெழுத்து என் அம்மாவுடையது. பதில் வரவில்லை. வரும் வரை நாங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்து எங்கள் தெருவில் யார் இறந்தாலும், பெட்டி சிமெண்ட் ரோட்டில்தான் போகும். கோயில் வாசலில் நிற்கும். சாமியார் எங்கள் முன்னால் நடப்பார், இல்லாவிட்டால் நாங்களே ஜெபம் சொல்லிக்கொண்டு நடப்போம்.

யார் சாவு என்று தெரியாது. யாரும் சாக வேண்டும் என்று ஆசையும் இல்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் பக்கத்தில் நடக்க ஆட்கள் வேண்டும். குற்றாலத்திலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். போன் செய்கிறேன், வந்துவிடுங்கள்.